கைநாட்டிலிருந்து ஆறிலக்க எண் வரை

வங்கி அட்டைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தபோது, "சார், தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கும் புரிகிற மாதிரி பேசுங்கள்" என்று ஒரு வேண்டுகோளையும் சேர்த்தே வைத்தார்கள். அது எனக்குச் சிரமமில்லை. நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். என் அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்கள். பிறகு ஈப்போவில் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, முகப்பிடத்தில் நின்றே வயதாகி, பணி ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆகவே எனக்குத் தெரிந்த இரண்டு உலகங்களையும் சேர்த்தே பேசுகிறேன்.

தோட்டத்தில் சம்பள நாள் எப்படி இருக்கும் என்பது இங்கே அமர்ந்திருக்கும் பலருக்கு நினைவிருக்கும். ஆபீஸ் முன்னால் வரிசை. உள்ளே கிராணியார் செக்ரோலைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடுவார். கையெழுத்துத் தெரிந்தவர் கையெழுத்துப் போடுவார். தெரியாதவர் மைப்பெட்டியில் கட்டை விரலை அழுத்திக் கைநாட்டு வைப்பார். காசு கைக்கு வரும். வெளியே வந்தால் வாசலில் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் 555 கணக்குப் புத்தகத்தோடு மளிகைக் கடைக்காரர். மற்றவர் வட்டிக்குக் கொடுத்தவர். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சம்பளம் பாதியாகிவிடும்.

அந்த முறையில் எத்தனையோ அநியாயங்கள் இருந்தன. ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் கட்டை விரலை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டு போய்ச் சம்பளம் வாங்க முடியாது. கிராணியாருக்கு உங்கள் முகம் தெரியும், உங்கள் அப்பாவையும் தெரியும். காசு கொடுக்கும் இடத்தில் ஆளைத் தெரிந்த ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். ஏடிஎம் இயந்திரத்துக்கு உங்களைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஓர் அட்டையும் ஓர் எண்ணும் மட்டுமே. இவை இரண்டும் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நீங்கள் என்று அது முடிவு செய்துவிடும். அட்டை மோசடி எத்தனை வகையாக வந்தாலும், எல்லாமே இந்த ஓர் இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புத் திட்டங்களுக்குப் போயும், நம்மவர்கள் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் இடம் பெயர்ந்த கதை தனிக் கதை. அதோடு சேர்ந்து காசும் இடம் பெயர்ந்தது. ஊழியர் சேமநிதிப் பணம் வங்கிக் கணக்குக்கு வந்தது. சம்பளத்தைத் தொழிலாளியின் வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும் என்ற வேலைச் சட்டத் திருத்தம் 2012-இல் நடைமுறைக்கு வந்தது. வங்கிக் கணக்கே வேண்டாம் என்று இருந்தவர்கள் கையிலும் அட்டை வந்து சேர்ந்தது. அட்டையைக் கொடுத்தார்கள், அது எப்படி வேலை செய்கிறது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைத்தான் இன்று கொஞ்சம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

கறுப்புப் பட்டையும் தங்க நிறச் சில்லும்

உங்கள் அட்டையை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். அது காந்தப்பட்டை. பழைய பாட்டுக் கேசட்டுக்குள் இருந்த நாடா இருக்கிறதே, அதே இனம்தான். 1960-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரஸ்ட் பாரி என்ற பொறியியலாளர், காந்த நாடாவைப் பிளாஸ்டிக் அட்டையில் ஒட்ட வழி தெரியாமல் திண்டாடினார். எந்தப் பசையும் ஒத்துவரவில்லை. வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி, "இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பாருங்களேன்" என்றாராம். ஒட்டிக்கொண்டது! உலகம் முழுவதும் பல கோடி அட்டைகள் அந்த அம்மாவின் யோசனையில் பிறந்தவை என்று சொல்வார்கள்.

கேசட்டை நாம் என்ன செய்தோம்? ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பதிவு செய்தோம். சரவணன் வீட்டுக் கேசட் சாந்தி வீட்டுக்கும் வந்துவிடும். காந்தப்பட்டையின் கோளாறும் அதுவே. அதில் அட்டை எண், காலாவதித் தேதி, சில குறியீடுகள் எழுதப்பட்டிருக்கும். அவை என்றும் மாறாதவை. ஒரு முறை படித்துவிட்டால் வெற்று அட்டையில் அப்படியே எழுதிவிடலாம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் நம் நாட்டில் இந்தப் போலி அட்டைக் கும்பல்களின் ஆட்டம் பெரிதாக இருந்தது. எண்ணெய் நிலையத்திலோ உணவகத்திலோ அட்டையைக் கொடுப்பீர்கள். பணியாள் அதை உள்ளே எடுத்துப் போவார். சிகரெட் பெட்டி அளவுள்ள ஒரு கருவியில் ஒரு முறை இழுத்துவிட்டு, பிறகு முறைப்படியும் இழுத்து, அட்டையைப் பணிவோடு திருப்பிக் கொடுப்பார். உங்கள் அட்டை உங்கள் பையில்தான் இருக்கும். அதன் இரட்டைப் பிள்ளை எங்கோ ஒரு கடையில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிக்கொண்டிருக்கும். மாதக் கடைசியில் பில்லைப் பிடித்துக்கொண்டு என் முகப்பிடத்துக்கு வந்து, "நான் பினாங்குக்கே போகலீங்களே சார்" என்று கண் கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள், டாக்டரும் இருந்தார்.

அதற்கு மருந்தாக வந்ததுதான் அட்டையின் முன்பக்கத்தில் தங்க நிறத்தில் மின்னுகிற சிறு சதுரம், 'சிப்' என்கிற சில்லு. அதற்குள் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. இந்த எண்ணத்துக்குப் பிரான்ஸ் நாட்டின் ரோலான் மொரேனோ 1974-இலேயே காப்புரிமை பெற்றார். பிறகு யூரோபே, மாஸ்டர்காட், விசா ஆகிய மூன்றும் சேர்ந்து 1990-களில் ஒரு பொது விதியை எழுதின. மூன்றின் முதலெழுத்தையும் சேர்த்து அதை இ.எம்.வி. என்பார்கள்.

சில்லு என்ன செய்கிறது என்பதைத் தோட்டக் கணக்கிலேயே சொல்கிறேன். கிராணியாருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த இரகசிய எண் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 7. சம்பள நாளில் நீங்கள் போனதும் அவர், "இன்றைய எண் 23" என்பார். நீங்கள் மனதுக்குள் 7-ஆல் பெருக்கி, "161" என்பீர்கள். அவரும் பெருக்கிப் பார்த்துச் சரி என்று காசைக் கொடுப்பார். 7 என்ற எண்ணை நீங்கள் வாய் திறந்து சொல்லவே இல்லை. அடுத்த முறை அவர் வேறு எண் கொடுப்பார், விடையும் வேறாகும். பக்கத்தில் நின்று 161 என்று ஒட்டுக் கேட்டவன் மறுமாதம் வந்து 161 என்று சொன்னால் உதைதான் கிடைக்கும்.

"சார், 161-ஐ 23-ஆல் வகுத்தால் 7 வந்துவிடுமே" என்று முன் வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். நல்ல பிள்ளை! ஆமாம், என் உதாரணத்தில் வந்துவிடும். அதனால்தான் சில்லு சாதாரணப் பெருக்கலைப் போடுவதில்லை. விடையையும் கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் இரகசிய எண்ணைத் திருப்பிக் கண்டுபிடிக்க முடியாத கணக்கை அது போடுகிறது. கடை இயந்திரம் ஒவ்வொரு முறையும் ஒரு புது எண்ணையும், தொகையையும், தேதியையும் சில்லுக்குக் கொடுக்கிறது. சில்லு தன் இரகசியத்தோடு சேர்த்துக் கலக்கி ஒரு விடையைத் தருகிறது. அந்த விடை வங்கிக்குப் போய்ச் சரிபார்க்கப்படுகிறது. அது அந்த ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும்தான் செல்லும். கேசட்டைப் பதிவு செய்யலாம். கேள்விக்கேற்பப் பதில் சொல்கிற பாடகரைப் பதிவு செய்ய முடியாது அல்லவா?

இந்த விஷயத்தில் மலேசியா பின்தங்கியிருக்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லலாம். பேங்க் நெகாராவின் கட்டளைப்படி முதலில் ஏடிஎம் அட்டைகளும், 2005-இல் கடன்பற்று அட்டைகளும் சில்லுக்கு மாறின. ஆசியாவில் நாம் முன்னோடிகளில் ஒருவர். அமெரிக்காவில் சில்லு இல்லாத கடைக்காரரே நட்டத்தை ஏற்க வேண்டும் என்ற விதி வந்தது 2015 அக்டோபரில்தான். நமக்குப் பத்து ஆண்டு பிந்தி! சில்லு வந்த பிறகு உள்நாட்டில் போலி அட்டைத் தொழில் படுத்துவிட்டது. கும்பல்கள் காந்தப்பட்டையை மட்டும் நகலெடுத்து, சில்லுக்கு மாறாத வெளிநாடுகளுக்குக் கொண்டு போய்க் காசு எடுக்கப் பார்த்தன. பற்று அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்த முன்கூட்டியே வங்கியிடம் சொல்லித் திறந்து வைக்க வேண்டும் என்கிற தொல்லை அதனால்தான். தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போய், அங்கே அட்டை வேலை செய்யவில்லை என்று வங்கியைத் திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சில்லு, அட்டை உண்மையானது என்பதை மட்டுமே நிரூபிக்கும். அதைப் பிடித்திருக்கும் கை உண்மையானதா என்று அதற்குத் தெரியாது. முன்பு அதற்குக் கையெழுத்து இருந்தது. கடையில் கையெழுத்தை யார் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? நான் ஒரு முறை சோதனைக்காகப் பூனைப் படம் வரைந்து கொடுத்தேன். "தேங்க்யூ சார்" என்று இரசீதைக் கொடுத்துவிட்டார்கள். 2017 ஜனவரி முதல் கையெழுத்துக்குப் பதிலாக ஆறிலக்க இரகசிய எண் வந்தது. ஆறு மாத அவகாசத்துக்குப் பின் ஜூலை முதல் அது கட்டாயமாயிற்று. 250 வெள்ளி வரையிலான சிறு செலவுக்கு மட்டும் அட்டையை இயந்திரத்தில் காட்டினாலே போதும், எண் கேட்காது. அது வேண்டாம் என்று நினைப்பவர்கள் வங்கியில் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். வயதானவர்களுக்கு நிறுத்திவைப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

பெரியம்மாவின் 4,500 வெள்ளி

இத்தனை பாதுகாப்பு இருந்தும் என் பெரியம்மா 2019-இல் 4,500 வெள்ளியை இழந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் மரம் வெட்டிச் சேர்த்த சேமநிதியில் மிச்சமிருந்த காசு அது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வீட்டுக்குப் பக்கத்துப் பட்டணத்தில் ஏடிஎம் இயந்திரம். 200 வெள்ளி எடுக்கப் போயிருக்கிறார். எண்ணை அழுத்துவதில் தடுமாற்றம். பின்னால் நின்ற ஓர் இளைஞன், நன்றாக உடுத்தியவன், "மெசின் சரியில்லயா ஆன்ட்டி? குடுங்க, நான் பாக்குறேன்" என்று முன்னால் வந்திருக்கிறான். பெரியம்மா எண்ணை அழுத்துவதைப் பார்த்துக்கொண்டே நின்று, பணத்தையும் எடுத்துக் கொடுத்து, அட்டையையும் மரியாதையோடு கையில் கொடுத்திருக்கிறான். "நல்ல பிள்ளப்பா, யார் பெத்த பிள்ளையோ" என்று வாழ்த்திவிட்டு வந்திருக்கிறார்.

அவன் கொடுத்தது அதே வங்கியின் அதே நிற அட்டை. ஆனால் பெரியம்மாவுடையது அல்ல. அட்டையில் பெயர் இருந்தது; பெரியம்மா தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர், அந்த எழுத்து அவருக்கு வராது. அன்று இரவு 1,500 வெள்ளி, சனிக்கிழமை 1,500, ஞாயிற்றுக்கிழமை 1,500 என்று ஒரு நாளைய உச்சவரம்பு எவ்வளவோ அவ்வளவையும் எடுத்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் வங்கி குறுஞ்செய்தி அனுப்பியது. அது போன எண், கணக்குத் திறந்தபோது மகன் கொடுத்த பழைய பிரிபெய்ட் எண். அந்த எண்ணை அவன் கைவிட்டு மூன்று வருடம் ஆகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் அட்டையைப் போட்டபோது இயந்திரம் எண் தவறு என்றது. எனக்குப் போன் செய்தார். ஒரு மணி நேரத்துக்குள் அட்டையை முடக்கினோம், போலீஸ் புகார் செய்தோம். கையில் இருந்த அட்டை கோலக்கங்சாரில் வேறொரு மூதாட்டி இதே மாதிரி பறிகொடுத்த அட்டை என்று பிறகு தெரிந்தது. அவருக்கும் ஒரு 'நல்ல பிள்ளை' உதவியிருக்கிறான்.

இங்கே சில்லு தோற்கவில்லை. உண்மையான அட்டை, உண்மையான எண். வங்கிக் கணினியைப் பொறுத்தவரை பெரியம்மாதான் மூன்று நாளும் வந்து காசு எடுத்தார். வங்கியிலிருந்து (எந்த வங்கி என்று சொல்ல மாட்டேன்) வந்த பதிலும் அதுவே: சரியான எண் பயன்படுத்தப்பட்டிருப்பதால் வாடிக்கையாளரே பொறுப்பு.

வங்கியில் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கடிதத்தின் மேல் கோபம் வந்தது. ஏனென்றால் விதி அப்படி இல்லை. பேங்க் நெகாரா வகுத்த கொள்கையில், இரகசிய எண்ணோடு நடந்த மோசடிக்கு அட்டைதாரர் எப்போது பொறுப்பாவார் என்று பட்டியலே இருக்கிறது. அவரே மோசடி செய்திருந்தால். அட்டை தொலைந்ததும் நியாயமான அளவில் உடனே தெரிவிக்காமல் தாமதித்திருந்தால். எண்ணைத் தானாக விரும்பி மற்றவருக்குச் சொல்லியிருந்தால். எண்ணை அட்டையிலோ அதோடு சேர்த்து வைக்கும் பொருளிலோ எழுதி வைத்திருந்தால். பெரியம்மா இதில் எதைச் செய்தார்? எண்ணை அவர் சொல்லவில்லை, அவன் திருட்டுத்தனமாகப் பார்த்தான். அட்டை மாறியது தெரிந்த ஒரு மணி நேரத்தில் தெரிவித்துவிட்டார்.

இதை எழுதி வங்கியின் புகார்ப் பிரிவுக்கு அனுப்பினேன். கண்காணிப்புக் கேமரா பதிவைக் கேட்டேன். மூன்று நாளும் காசு எடுத்தது ஓர் இளைஞன், எழுபது வயது மூதாட்டி அல்ல என்பது அதில் தெரியும் அல்லவா? மாதங்கள் ஓடின. கடைசியில் 'நல்லெண்ண அடிப்படையில்' பாதி, அதாவது 2,250 வெள்ளி, தருவதாகச் சொன்னார்கள். நான் மத்தியஸ்தரிடம் போகலாம் என்றேன். பெரியம்மா, "போதும்யா, அலைய முடியல" என்று வாங்கிக்கொண்டார். என்னைக் கேட்டால் அது முழுதாக வந்திருக்க வேண்டிய காசு. அந்த மனக்குறை இன்றும் எனக்கு உண்டு.

மத்தியஸ்தர் என்று சொன்னேனே, அது பலருக்குத் தெரியாத வழி. வங்கியின் இறுதிப் பதில் உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால், நிதிச் சந்தை மத்தியஸ்தர் சேவைக்குப் புகார் கொண்டு போகலாம். முன்பு நிதிச் சேவை மத்தியஸ்தர் என்ற பெயரில் இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து இந்தப் புதிய பெயரில் இயங்குகிறது. பொதுமக்களுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ஆனால் அதற்கு முதலில் வங்கியின் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். முகப்பிடத்தில் ஒருவர் வாயால் சொன்ன "முடியாது" பதில் ஆகாது. எழுதிக் கேளுங்கள், எழுதி வாங்குங்கள்.

எண்ணை எழுதி வைக்கக் கூடாது என்ற நிபந்தனை நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பெரிய ஆபத்து. அட்டை உறையின் உள்ளே, பழைய நாள்காட்டித் துண்டில் ஆறு எண்ணையும் எழுதி மடித்து வைத்திருப்பார்கள். மறதிக்குப் பயந்து செய்கிற காரியம், பாவம். ஆனால் பை களவு போனால் காசும் போகும், கேட்கும் உரிமையும் போகும்.

வாசலில் நின்றவர் எங்கே போனார்?

ஆரம்பத்தில் சம்பள நாளன்று வாசலில் நின்ற வட்டிக்காரரைப் பற்றிச் சொன்னேன். சம்பளம் வங்கிக்குப் போனதும் அவருக்கு வாசல் இல்லாமல் போனது. அவர் என்ன செய்தார்? அட்டையையே வாங்கி வைத்துக்கொண்டார். 1,000 வெள்ளி கடனுக்கு ஏடிஎம் அட்டையும் இரகசிய எண்ணும் பிணை. சம்பளம் விழுந்த நாளில் அவரே எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் என்னிடம் வந்து "சார், அட்டை தொலைஞ்சுபோச்சு, புதுசு வேணும்" என்றவர்களில் பலருடைய அட்டை தொலைந்ததே இல்லை. யாரோ ஒருவருடைய மேசை இழுப்பறையில் ரப்பர் வளையம் போட்ட கட்டில் இருந்தது. முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். அவர்களும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

இதில் கடன்பட்டவர் வெட்கப்பட வேண்டியதில்லை. 1951-ஆம் ஆண்டின் வட்டித் தொழில் சட்டப்படி உரிமம் பெற்றவர் வாங்கக்கூடிய வட்டி, பிணையுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, பிணையில்லாததற்கு 18 விழுக்காடு. மாதம் பத்து வட்டி என்பவர் எந்தச் சட்டத்திலும் இல்லாதவர். 2024-இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியபோது, இன்னொருவருடைய அட்டையையோ கணக்கையோ சட்டப்படியான காரணமின்றித் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதையே குற்றமாக்கிவிட்டார்கள்.

அதே திருத்தத்தின் மறுபக்கம் நம் இளைஞர்களுக்கு. "உன் கணக்கையும் அட்டையையும் ஒரு மாதத்துக்குக் கொடு, 500 வெள்ளி தருகிறேன்" என்று கேட்பவர்கள் தாமான் சாப்பாட்டுக் கடைகளில் இருக்கிறார்கள். ஏமாற்றிப் பறித்த காசு இப்படி வாடகைக்கு எடுத்த கணக்குகளில் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவித்தான் காணாமல் போகிறது. இவற்றை மியூல் கணக்கு, அதாவது கழுதைக் கணக்கு, என்கிறார்கள்; சுமை ஒருவருடையது, முதுகு இன்னொருவருடையது. தன் கணக்கை இப்படிக் கொடுத்த பையனும் இன்று குற்றவாளிதான். "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பது நீதிமன்றத்தில் எளிதாக எடுபடாது. பணம் அனுப்புமுன் ஒரு கணக்கு எண்ணின் மேல் புகார் இருக்கிறதா என்று பார்க்க, போலீஸ் வர்த்தகக் குற்றப் பிரிவின் 'செமாக் மியூல்' இணையப் பக்கம் இருக்கிறது. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

அட்டையைப் போலி செய்ய முடியாமல் போன பின், கும்பல்கள் மனிதரைப் பிடித்துவிட்டன. "பேங்க் நெகாராவிலிருந்து பேசுகிறேன், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது" என்று வரும் அழைப்பு, அல்லது வீடு கூட்டும் பணிக்கு ஆள் பதிவு செய்ய ஒரு செயலியை இறக்கச் சொல்லும் இணைப்பு. அந்தச் செயலி கைத்தொலைபேசிக்குள் உட்கார்ந்துகொண்டு வங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணைத் திருடிவிடும். அதனால்தான் 2022 செப்டம்பரில் அன்றைய பேங்க் நெகாரா ஆளுநர் நோர் ஷம்சியா, குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டு வேறு பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தார். புதுக் கைத்தொலைபேசியில் வங்கிச் செயலியைப் பதிந்தால் சில மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறதே, அதுவும் அப்போது வந்ததுதான். அந்தக் காத்திருப்பு திருடனுக்காக வைத்தது, எரிச்சல்பட வேண்டாம்.

இன்னொன்றையும் என் அனுபவத்தில் சொல்கிறேன். இத்தனை ஆண்டு வங்கியில் இருந்தும் ஒரு வாடிக்கையாளரின் இரகசிய எண்ணைக் கூட நான் திரையில் கண்டதில்லை. நீங்கள் அழுத்தும்போதே அது உருமாற்றப்பட்டுத்தான் கணினிக்குப் போகிறது. மேலாளருக்கும் தெரியாது. ஆகவே போனில் "சரிபார்க்க வேண்டும், எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேட்பவர் வங்கியில் வேலை செய்பவர் இல்லை. சரிபார்க்க அவருக்கு அங்கே ஒன்றுமே கிடையாது.

ஏமாந்துவிட்டீர்கள் என்றால் அழுதுகொண்டிருக்காமல் உடனே வங்கியின் அவசர எண்ணையோ 997-ஐயோ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் எண் அது. வங்கிகளும் போலீசும் பேங்க் நெகாராவும் தொடர்புத் துறையும் சேர்ந்து, காசு எந்தக் கணக்குக்குத் தாவியது என்று துரத்திப் பிடித்து முடக்கப் பார்ப்பார்கள். அது ஓட்டப் பந்தயம். முதல் சில மணி நேரத்தில் கூப்பிட்டால் காசு இன்னும் இரண்டாவது கணக்கில் நின்றுகொண்டிருக்கலாம். வீட்டில் திட்டுவார்களே என்று இரண்டு நாள் மறைத்தால் அது நாட்டைத் தாண்டியிருக்கும். பிள்ளைகளே, அப்பா அம்மா ஏமாந்துவிட்டேன் என்று வந்தால் முதலில் போனை எடுங்கள், ஏச்சைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மாவுக்குப் புது அட்டை வாங்கியபோது மூன்று காரியம் செய்தேன். ஒரு நாளைய உச்சவரம்பை 1,500 வெள்ளியிலிருந்து 300-க்குக் குறைத்தேன். குறுஞ்செய்தி எண்ணை, இப்போது உயிரோடிருக்கும் எண்ணாக மாற்றினேன். மூன்றாவது அவருடைய சொந்த யோசனை. எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, நெற்றியில் வைக்கும் ஒட்டுப்பொட்டு ஒன்றைப் பச்சை நிறத்தில் எடுத்து, சில்லின் மேல் படாமல் அட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். பொட்டில்லாத அட்டை தன்னுடையது இல்லை. வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை காலையில், வங்கி திறந்திருக்கும் நேரத்தில், காவலாளி நிற்கிற வாசல் பக்கத்து இயந்திரத்தில் மட்டும்தான் எடுக்கிறார். யாராவது உதவ வந்தால், "வேணாம்பா, நீ தள்ளி நில்லு" என்று சொல்லக் கற்றுக்கொண்டார்.

எண்ணை மட்டும் எங்கும் எழுதவில்லை. போன தீபாவளிக்குப் பேரன், "ஆயா, எனக்கு மட்டும் சொல்லு, மறந்துட்டா நான் ஞாபகப்படுத்துறேன்" என்று கெஞ்சியிருக்கிறான்.

"உங்க தாத்தா இருந்திருந்தா அவருக்கே சொல்லிருக்க மாட்டேன்டா" என்றாராம்.